கார்டின் பெயர் மாறிய நாள்

யூசுப்புக்கு அம்மா எழுதுவது.

போன வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது நான் பாதியில் வைத்துவிட்டேன். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றேன். யாரும் கூப்பிடவில்லை. நீ பெங்களூர் போய் மூன்று மாதம் ஆகிறது. அன்றுதான் முதல்முறையாக உன் வேலையில் நடந்த ஒன்றை எனக்கு விவரமாகச் சொன்னாய். ஒரு சர்வரில் புது நெட்வொர்க் கார்டு போட்டீர்களாம், திரும்ப ஆன் செய்ததும் பழைய கார்டின் பெயர் மாறிவிட்டதாம், இருபது நிமிஷம் எல்லாம் நின்றுபோய் ஆளாளுக்குத் தலையைப் பிய்த்துக்கொண்டபோது நீதான் கண்டுபிடித்தாயாம். சிரித்துக்கொண்டே சொன்னாய். "உனக்கு இப்படி எப்பவாவது ஆயிருக்காம்மா?" என்று கேட்டாய். அதோடு விடாமல், "இப்போதைக்குக் கையால போட்டு ஓட்ட விட்டிருக்கேன், ஃபைல்ல திங்கக்கிழமை எழுதிக்கலாம்" என்றும் சொன்னாய். அங்கேதான் நான் போனை வைத்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அதை எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன். எழுதவில்லை என்றால் இதை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் அதை முடித்துவிட்டு வா. மீதியை அப்புறம் படிக்கலாம்.

நீ கேட்டதற்குப் பதில், ஆயிருக்கு. நான்கு வருஷத்துக்கு முன்னால், உன்னை மதுரையில் காலேஜில் சேர்த்த அன்றைக்கு. அதை இந்த வாரம் செவ்வாய்க்கிழமை சாத்தூர் கோர்ட்டில், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். போனில் உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்லத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன். யாராவது உனக்கு வேறு மாதிரி சொல்வதற்கு முன்னால் நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அத்தா இருந்தவரைக்கும் எனக்குக் கம்ப்யூட்டர் என்பது பஜாரில் இருந்த நம் பருப்புக் கடையில் பில் போடுகிற பெட்டி மட்டும்தான். அதில் அடிக்கடி வைரஸ் புகுந்து கணக்கெல்லாம் அழிந்துபோகும். ஒருநாள் அத்தா ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைக் கொண்டுவந்து, "டிகிரி படிச்சிருக்கல்ல, இதப் போட்டுப் பாரு" என்றார். போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் கடை பில் கையெழுத்தில்தான் போனது. அத்தா ஒன்றும் சொல்லவில்லை. அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவர் போய்ச் சேர்ந்தார், கடையை அவர் அண்ணன், உன் பெரியத்தா, எடுத்துக்கொண்டார். நான் சிவகாசிக்கு வேலைக்குப் போனேன். முதலில் திருத்தங்கலில் ஒரு பிரஸ், அப்புறம் அந்தப் பட்டாசுக் கம்பெனி. ஆபீஸ் டவுனில், பாக்டரி தாயில்பட்டிப் பக்கம். இரண்டு இடத்துக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் சிஸ்டம் பார்க்கிற ஆள். எல்லாரும் என்னைக் கம்ப்யூட்டரம்மா என்பார்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பாக்டரி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நான் உன்னை ஒருநாளும் அங்கே கூட்டிப் போனதில்லை. பெரிய பொட்டல்காட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது, கரண்ட் சாமான் எதுவும் வைக்கக் கூடாது. அதனால் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று தெரிவதற்காக நடைபாதை முனைகளில், அறைகளை விட்டுத் தள்ளி, அட்டை வைக்கிற மெஷின்களை மாட்டினோம். வேலையாள் எந்த அறைக்குப் போனாலும் அந்தப் பக்கத்து மெஷினில் அட்டையை வைத்துவிட்டுப் போக வேண்டும். கேட்டில் இருந்த ரூமில் ஒரு பழைய பெட்டி, லினக்ஸ் போட்டது. மெஷின்களிலிருந்து பெயர்களை வாங்கி, அறை வாரியாகப் பட்டியல் போட்டுத் திரையில் காட்டும். அந்தத் திரையைச் செய்தது நான். ஏதாவது நடந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆட்களை எண்ண வேண்டும், அது ஓடாத நேரத்தில் கேட்டில் இருக்கிற பேரேட்டில் கையால் எழுத வேண்டும் என்று மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டியல் கடைசியாக எத்தனை மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது என்று திரையின் ஓரத்தில் ஒரு நேரத்தைக் காட்டியிருக்கலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று எடுத்துவிட்டேன். அதையும் இதில் சேர்த்துக்கொள்.

கேட்டைப் பார்த்துக்கொண்டவர் இருளப்பன் அண்ணன். அப்போதே அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். படிப்பு நாலாம் வகுப்பு. திரையில் ஓடுகிற பெயர்களை வாயசைத்துப் படித்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை தூசி தட்டுகிறேன் என்று பெட்டிக்குப் பின்னால் இருந்த கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டார். நான் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். "இனிமே யாரும் இதுல கை வைக்கக் கூடாது" என்றேன். அதிலிருந்து அவர் அந்தப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவார்.

உன்னை மதுரைக்குக் கூட்டிப் போவதற்கு முதல் நாள் மத்தியானம் இடி விழுந்தது. மழை வரவில்லை, இடி மட்டும். ஆபீஸோடு பேசுகிற கேபிள் வழியாக வந்து பெட்டியின் போர்டில் இருந்த நெட்வொர்க் போர்ட்டைக் கொன்றுவிட்டது. மெஷின்கள் பக்கம் போகிற கார்டு தனி, அது தப்பித்தது. சீசன் நேரம், தீபாவளி லோடு போய்க்கொண்டிருக்கிறது, உடனே சரி செய்யச் சொன்னார்கள். நான் டவுனில் ஒரு புதுக் கார்டு வாங்கிக்கொண்டு போய், காலியாக இருந்த ஸ்லாட்டில் செருகி ஆன் செய்தேன். இரண்டு பக்கமும் செத்துக் கிடந்தது.

இதன் காரணம் உனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் இதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லினக்ஸ் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் ஒரு பெயர் வைக்கிறது. எந்தக் கேபிளுக்கு எந்த முகவரி என்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் நாம் ஃபைலில் எழுதி வைக்கிறோம். நான் கற்றுக்கொண்ட காலத்தில் eth0, eth1 என்று, எது முதலில் கண்ணில் பட்டதோ அந்த வரிசையில் பெயர் வரும். அதில் குழப்பம் வருகிறது என்று, கார்டு போர்டில் எந்தப் பாதையில் உட்கார்ந்திருக்கிறதோ அதை வைத்துப் பெயர் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் பாதையில் இருந்தால் enp3s0. இனிமேல் மாறாத பெயர் என்றார்கள். பெட்டியை யாரும் திறக்காதவரை மாறாது. புதிதாக ஒன்றைச் செருகினால் பாதைகளின் எண்ணே ஒன்று தள்ளிப்போகலாம். அன்று அதுதான் நடந்தது. அதுவரை மெஷின்கள் பக்கத்துக் கார்டு enp3s0, செத்துப்போன ஆபீஸ் போர்ட் enp4s0. இப்போது மெஷின்கள் பக்கத்துக் கார்டு enp4s0 ஆகிவிட்டது. enp3s0 என்ற பெயர் புதுக் கார்டுக்குப் போய்விட்டது. ஃபைலுக்கு இது தெரியாது. மெஷின்களுக்கான முகவரியை ஆபீஸ் கேபிளுக்கும், ஆபீஸ் முகவரியை மெஷின்களுக்கும் கொடுத்துவிட்டு அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தேன். கையால் கட்டளை அடித்து முகவரிகளை மாற்றிக் கொடுத்தேன். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அப்படிக் கையால் அடிப்பது பெட்டி அணைந்தால் போய்விடும் என்று எனக்குத் தெரியும். கார்டோடு கூடவே வருகிற எண்ணை வைத்து நாமே ஒரு பெயரைக் கட்டிப்போட்டால் அது எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் மாறாது, அதற்கு ஒரு கார்டுக்கு நாலு வரி எழுத வேண்டும் என்றும் தெரியும். ஆறே முக்கால் ஆகியிருந்தது. சிவகாசி போய் நம் ஊருக்கு ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், உன் துணிமணியை எடுத்து வைக்க வேண்டும், சர்டிபிகேட்டெல்லாம் ஜெராக்ஸ் எடுக்கவில்லை. நாளைக் கழித்து வந்து எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், அந்த இரண்டு கேபிளையும் இடம் மாற்றிச் செருகியிருந்தாலே போதும், ஃபைல் இருக்கிறபடியே சரியாகியிருக்கும் என்று தோன்றியது. ஐந்து நொடி வேலை. சரி, போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலேஜில் நாம் வரிசையில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். பதினொரு மணி சுமாருக்கு எனக்கு ஒரு போன் வந்தது. தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். நீ யார் என்று கேட்டதற்கு, ஆபீஸில் ஏதோ கேமரா ரிப்பேர் என்றேன். அது இருளப்பன் அண்ணன்.

"தாயி, பத்து மணிக்குக் கரண்டு போய் வந்துச்சு. பேட்டரியும் தாங்கல. பெட்டி தானா அணஞ்சு தானா எந்திரிச்சிருச்சு. ஆனா பேரு நவுர மாட்டேங்குது. ஒம்பதாம் நம்பர்ல இருந்து மூணு பேரு காயப்போடுற பக்கம் போனாக, அட்டையும் வச்சாக. இங்கன இன்னும் ஒம்பதுலயே நிக்கிறாக."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டி கடைசியாகச் சேமித்துவைத்த பத்து மணிப் பட்டியலைத் திரையில் போட்டுக்கொண்டு நிற்கிறது. இனிமேல் அது மாறாது. "பின்னால இருக்கிற ரெண்டு கேபிளையும் மாத்திச் சொருகுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. அவர் தப்பாகச் செருகிவிடுவார் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மேனேஜர் வந்து பார்த்தால், முதல் நாள் நான் அரைகுறையாக விட்டுப் போனது தெரிந்துவிடும் என்றும் நினைத்தேன். இரண்டாவதுதான் பெரிய காரணம். "ஒண்ணும் ஆகாதுண்ணே. சாயந்தரம் நானே வந்து பாக்கிறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, நம்மளத்தான் திட்டுவாங்க" என்றேன்.

"பேரேட்டுல கையால எழுதட்டுமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் வேண்டாம். எழுதினா ஏன்னு கேப்பாங்க."

"சரி தாயி" என்று வைத்துவிட்டார். திரும்பி வந்தேன். வரிசை நகர்ந்திருந்தது. நீ எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய்.

மூன்று மணிக்கு அடுத்த போன் வந்தபோது நாம் உன் ஹாஸ்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஆபீஸில் இருந்து கூப்பிட்டார்கள். பதினாலாம் நம்பர் அறை வெடித்துவிட்டது, பக்கத்து இரண்டு அறைகளும் இடிந்துவிட்டன. நான் அழ ஆரம்பித்தேன். உன்னைப் பிரிவதற்காக அழுகிறேன் என்று நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வாராவாரம் வந்திருவேன்மா" என்றாய். எத்தனையோ தடவை அதைச் சொல்லி என்னைக் கேலி செய்திருக்கிறாய். நானும் சிரித்திருக்கிறேன். உனக்காக அழவில்லை யூசுப். அந்த நேரத்தில் உன்னைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை.

நான் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. நடந்ததை இருளப்பன் அண்ணன் பிறகு போலீஸில் சொன்னார், மற்றவர்களும் சொன்னார்கள். வெடித்ததும் மேனேஜர் கேட் ரூமுக்கு ஓடிவந்து பட்டியலைப் பார்த்தார். பதினாலில் மூன்று பெயர். "லிஸ்ட்டு சரியில்ல சார், காலையில இருந்து நவுரல" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். "இருக்கிறதப் படிய்யா" என்று மேனேஜர் கத்தியிருக்கிறார். மூன்று பேரையும் எடுத்தார்கள், மூவருமே போய்விட்டிருந்தார்கள். அதோடு பதினாலில் ஆள் இல்லை என்று பக்கத்து அறைகளுக்கு நகர்ந்துவிட்டார்கள். முத்துலட்சுமி என்ற பெண்ணின் பெயர் இருபத்திரண்டில் இருந்தது. இருபத்திரண்டு கிழக்குக் கோடியில், ஒரு ஓடுகூட விழவில்லை. அங்கே இருந்தவர்கள் சத்தம் கேட்டதும் கருவேலங்காட்டுக்குள் புகுந்து ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள், அவர்களோடு இவரும் வீட்டுக்கு ஓடியிருப்பார் என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் இல்லை என்று அவர் மகள் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்திய பிறகுதான் மறுபடி தேடினார்கள். பதினாலாம் அறையின் பின்சுவருக்கு அடியில் கிடந்தார். மூச்சு இருந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது அவரை ஏற்றிய வேன் என்னைத் தாண்டித்தான் போனது. அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

கேட் ரூமில் யாரும் இல்லை. நான் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு கேபிளையும் உருவி, இடம் மாற்றிச் செருகினேன். மெஷின்கள் அதுவரை தங்களுக்குள் சேர்த்து வைத்திருந்த பெயர்களெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. இருபத்திரண்டிலிருந்து முத்துலட்சுமி என்ற பெயர் அழிந்து பதினாலுக்குப் போனது. நேரம் ஒன்று ஐம்பத்திரண்டு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் உட்கார்ந்து, ஒரு கார்டுக்கு நாலு வரி வீதம் எழுதினேன். அன்றைக்குத்தான் எழுதினேன். அந்த ஃபைலின் தேதியும் நேரமும் இன்றைக்கும் அதில் அப்படியே இருக்கும்.

பத்து நாள் கழித்துப் போலீஸில் கூப்பிட்டு விசாரித்தார்கள். இருளப்பன் அண்ணன் எனக்குப் போன் செய்ததாகச் சொல்லியிருந்தார். போன் வந்தது உண்மைதான், கேமராவைப் பற்றித்தான் பேசினார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் சொன்ன பொய்யையே அங்கேயும் சொன்னேன். அது எனக்குச் சுலபமாக வந்தது, அதுதான் பயமாக இருக்கிறது. பேரேட்டில் எழுதாமல் விட்டதற்காக அண்ணனையும் கேஸில் சேர்த்தார்கள். வேலையாட்களை மேற்பார்க்கிற ஃபோர்மேனோடு அவரையும் உள்ளே வைத்தார்கள். அவர் வெளியே வந்தபோது வேலை இல்லை. நான் ஆறு மாதம் அங்கேயே வேலை பார்த்துவிட்டு, நெஞ்சுவலி என்று சொல்லித் திருத்தங்கலில் பழைய பிரஸ்ஸுக்கே வந்துவிட்டேன். பட்டாசைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள் என்று நீ நினைத்தாய். நான் மறுக்கவில்லை.

ஆறாம் வகுப்பில் பக்கத்து வீட்டு பைக்கைத் தள்ளிவிட்டு அதன் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து பேசாமல் படுத்துக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? நான் உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிறுத்தி, நீயே உன் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். உனக்கு வார்த்தை வராமல் மூத்திரம் வந்துவிட்டது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன். இந்த நான்கு வருஷமும் அந்தப் பையனின் முகம் எனக்கு அடிக்கடி வந்தது. அவ்வளவு பயந்தவன் கடைசியில் சொல்லிவிட்டான்.

சாட்சி சொல்ல வரச் சொல்லி எனக்கு சம்மன் வந்து, நீ போன் செய்த வெள்ளிக்கிழமையோடு பத்து நாள் ஆகியிருந்தது. பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். முன்பு எழுதிக் கொடுத்ததையே சொன்னால் போதும், அஞ்சு நிமிஷ வேலை என்றார் சர்க்கார் வக்கீல். அதையே சொல்வதாகத்தான் இருந்தேன். உன்னிடம் போனை வைத்த பிறகு அன்று முழுக்கச் சாப்பிட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தாயில்பட்டிக்குப் போனேன்.

இருளப்பன் அண்ணன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். கார்டின் பெயர் மாறியதை, நான் அரைகுறையாக விட்டுப் போனதை, போலீஸில் பொய் சொன்னதை எல்லாம். அவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். "நான்தான் அதுல எதையோ தொட்டுக் கெடுத்துட்டேன்னு நெனச்சேன். உள்ள இருந்த நாளெல்லாம் அதத்தான் நெனச்சேன். எதத் தொட்டோம், எப்பத் தொட்டோம்னு."

"நீங்க ஒண்ணும் செய்யலண்ணே. எல்லாம் நான் செஞ்சது."

"நாலு வருசமாச்சே இதச் சொல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"செவ்வாக்கிழமை கோர்ட்டுல சொல்லிருதேண்ணே."

"சொல்லுங்க. ஆனா எங்கிட்ட வந்தாப் பத்துமா? முத்துலட்சுமி மக நாரணாபுரத்துல இருக்கா, செல்வி. அங்கன போனீகளா?"

போகவில்லை என்றேன். அதற்கப்புறம் அவர் பம்பை எடுத்துக்கொண்டு காற்றடிக்க ஆரம்பித்தார்.

செல்விக்கு உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கை நின்றது, அப்புறம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. முழுவதையும் கேட்டாள். கார்டு, பெயர் என்று நான் சொன்னது அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கம்மா அட்டைய வச்சிட்டுத்தான் அங்கன போனாளா?"

"வச்சிட்டுத்தாம்மா போனாங்க. ஒண்ணு அம்பத்திரெண்டுக்கு. ஃபோர்மேன் வேற அறைக்கு மாத்திவிட்டாத்தான் அந்தப் பக்கத்து மெஷின்ல வைப்பாங்க. சரியா வச்சிருக்காங்க. நான் கண்ணால பாத்தேன்."

குழாய்களைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அவ பேரு வேற ரூம்புல இருந்துச்சு. இவ எதுக்கு அங்கன போனான்னு கம்பெனிக்காரக கேட்டாக. ஃபோர்மேனு நான் அனுப்பலன்னுட்டாரு. வெடிமருந்தத் திருட்டுத்தனமா அள்ளப் போனா, அவ கை பட்டுத்தான் வெடிச்சிச்சுன்னு ஊரே பேசிச்சு. செத்த மூணு பேரு வீட்டுக்காரகளும் எங்க முகத்துல முழிக்க மாட்டாக. எங்கப்பா அந்தப் பேச்சக் கேட்டுக் கேட்டே போய்ச் சேந்துட்டாரு. உங்களுக்கு அன்னைக்கே தெரியும். ஒண்ணு அம்பத்திரெண்டுன்னு தெரியும்."

எனக்கு இந்தத் திருட்டுப் பேச்சு தெரியாது, அல்லாஹ் மேல் சத்தியமாகத் தெரியாது. அந்த ஊர்ப் பக்கமே போகாமல் இருந்ததால் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதானே போகாமல் இருந்தேன். "எந்திரிச்சுப் போங்க" என்றாள். எழுந்து வந்தேன்.

உனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். கார்டின் பெயர் மாறுவது யாருக்கும் நடக்கும். நல்ல வேலைக்காரனுக்கும் நடக்கும். அவசரத்தில் கையால் போட்டுவிட்டுப் போவதும் நடக்கும். எனக்கும் அது அங்கேயே நின்றிருக்கலாம். போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சாயந்தரம் மேனேஜரிடம் சொல்லியிருந்தால் முத்துலட்சுமியின் ஒரு உயிரோடு நின்றிருக்கும். நான் ஒவ்வொரு இடத்திலும் என்னைக் காப்பாற்றிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ அதற்காக விழுந்தார்கள். உனக்காகத்தான் அப்படிச் செய்தேன், நான் உள்ளே போனால் உன் படிப்பு என்னாவது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். உன் பெயரை அதற்கு இழுத்ததற்கு என்னை மன்னித்துவிடு.

செவ்வாய்க்கிழமை கூண்டில் ஏறியதும் சர்க்கார் வக்கீல் பழைய கேள்வியையே கேட்டார். இருளப்பன் உங்களிடம் கேமராவைப் பற்றித்தானே பேசினார் என்றார். இல்லை, பட்டியல் நகரவில்லை என்று சொன்னார், யாரிடமும் சொல்ல வேண்டாம், பேரேட்டிலும் எழுத வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன் என்றேன். அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பிறழ் சாட்சியாகிவிட்டேன் என்று அறிவித்துவிட்டு என்னையே குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தார். யாரிடம் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டார். நான்கு வருஷம் பொய் சொன்னபோது நல்ல சாட்சியாக இருந்தேன். மாஜிஸ்திரேட் அம்மா, கார்டின் பெயர் எப்படி மாறும் என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னேன், டைப் செய்கிறவருக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். முத்துலட்சுமி அட்டை வைத்த நேரத்தையும் அவரை அங்கே வேலைக்கு மாற்றியிருந்தார்கள் என்பதையும் நானாகவே சொன்னேன். போலீஸில் பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கும், பட்டியல் நின்றுபோனதை மறைத்ததற்கும் என் மேல் தனியாக நடவடிக்கை வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். இருளப்பன் அண்ணன் குற்றவாளிகள் வரிசையில் கடைசியில் நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் கேஸ் இன்னும் முடியவில்லை. ஆனால் அவருடைய வக்கீல் வெளியே வந்து, இனி அவருக்குப் பயமில்லை என்றார்.

நான் படியிறங்கி வெளியே வந்தபோது செல்வி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். வந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. கிட்டே போகவா வேண்டாமா என்று தயங்கினேன். அவளே வந்தாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் இருந்தன, அப்போதுதான் எதிர்க்கடையில் வாங்கியிருக்கிறாள்.

"உள்ள சொன்னத இதுல எழுதிக் குடுங்க" என்றாள். "கோர்ட்டுத் தாளு வர எம்புட்டு நாளாகும்னு தெரியல. எங்க தெருவுல காட்டணும். அந்த மூணு வீட்டுலயும் காட்டணும். இங்கிலீசு போடாம, எல்லாருக்கும் வெளங்குற மாதிரி எழுதுங்க."

ஜெராக்ஸ் கடை ஓரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். கம்ப்யூட்டர் பேச்சு ஒன்றுகூட இல்லாமல் எழுத இரண்டு பக்கம் ஆனது. முத்துலட்சுமி திருடப் போகவில்லை, வேலைக்கு அனுப்பப்பட்டுத்தான் போனார், முறையாக அட்டை வைத்துவிட்டுப் போனார், பட்டியலில் அவர் பெயர் மாறாமல் போனது என் தவறால், அதனால்தான் அவரைத் தேடவில்லை என்று எழுதினேன். கீழே என் பெயர், உன் அத்தா பெயர், நம் தெரு, வீட்டு எண் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செல்வி பக்கத்தில் நின்றபடியே வாசித்தாள். ஒரு இடத்தில் அவள் அம்மாவின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தச் சொன்னாள். திருத்தினேன். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாக நடந்துபோனாள்.

நேற்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து விலாசம் சரிபார்த்துவிட்டுப் போனார். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பெரியத்தா வந்து, தன் பையன் கல்யாணத்துக்கு நிற்கிற நேரத்தில் இது தேவையா என்று கத்திவிட்டுப் போனார். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம். எனக்காக யாரையும் பிடிக்க வேண்டாம், வக்கீலிடம் எதையும் மாற்றிச் சொல்லச் சொல்லிப் பேச வேண்டாம். உன் ஆபீஸில் யாராவது உன் அம்மாவைப் பற்றிக் கேட்டால் நடந்ததைச் சொல். என் மேல் கோபம் வந்தால் கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் போன் செய்யாமல் இரு. அது தணிந்த பிறகு என்றாவது ஊருக்கு வரும்போது நாரணாபுரத்துக்கு ஒருமுறை போய் வா. என்னால் இனி அந்த வீட்டுப் படி ஏற முடியாது. நீ போய் நின்றால் அவள் உன்னையும் போகச் சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா.

அம்மா